தேய்க்கும் முன் எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்டல் டிடெக்டர் கொண்டு மண்ணிலிருந்து எடுக்கப்படும் பழைய உலோகப் பொருள்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தேடும் முறை பற்றி விரிவாக எழுதியவர், கிடைத்ததை அடையாளம் காண்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டார். வினிகரில் ஊறப்போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டுமாம். பிறகு கைப்பேசியில் படமெடுத்து, அதைப் போன்ற படம் இணையத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இந்த யோசனையைப் பின்பற்றினால் அடையாளம் காணத் தேவையான தடயங்களில் பாதி முதல் அரை மணி நேரத்திலேயே போய்விடும். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

பல ஆண்டுகள் மண்ணில் கிடந்த செம்புக் காசின் பழைய மேற்பரப்பு, அதாவது எழுத்தும் உருவமும் இருந்த அந்த மெல்லிய தோல், பெரும்பாலும் இப்போது உலோகமாக இருப்பதில்லை. அது களிம்பாக மாறி, களிம்புக்குள்ளேயே வடிவம் கெடாமல் நிற்கிறது. பச்சை அடுக்குக்குக் கீழே செங்கல் நிறத்தில் ஓர் அடுக்கு தெரியும். எழுத்து அனேகமாக அங்கேதான் இருக்கும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ இரண்டையும் கரைத்துவிட்டால் மிஞ்சுவது குழி விழுந்த மொட்டைத் தகடு. பித்தளையில் இன்னொரு வகைக் கேடு நடக்கிறது. அமிலம் துத்தநாகத்தை முதலில் அரித்துக்கொண்டு போகும். மேலே இளஞ்சிவப்பாகச் செம்பு மட்டும் நிற்கும். அப்புறம் அதைப் பார்ப்பவர் ‘செம்பு’ என்றுதான் சொல்வார். பொன் முலாம், வெள்ளீயப் பூச்சு, வெள்ளிப் பூச்சு எல்லாம் ஓரங்களிலும் எழுத்தின் பள்ளங்களிலும் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பித்தான் எந்தத் தரத்தது, எந்தக் காலத்தது என்று சொல்லக்கூடிய துணுக்கு அதுதான். தேய்ப்பதில் முதலில் போவதும் அதுதான்.

ஆகவே கிடைத்தவுடன் செய்ய வேண்டியது மிகக் குறைவு. இரும்பல்லாத பொருளாக இருந்தால் வெறும் தண்ணீரில் மண்ணை ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தள்ளிவிட்டு, நிழலில் உலரவிடலாம். பள்ளங்களில் இருக்கும் மண்ணுக்கு மூங்கில் குச்சி போதும், ஊசி கூடாது. இரும்பைத் தண்ணீரில் போடவே வேண்டாம், உலர்ந்த தூரிகை மட்டும். தோண்டிய இடத்திலேயே கட்டை விரலால் காசைத் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மண்ணில் இருக்கும் மணல் துகள் வெள்ளியை விடவும் தங்கத்தை விடவும் கடினமானது. அந்த ஒரே தேய்ப்பில் விழுந்த கீறலை எந்த வல்லுநராலும் மறைக்க முடியாது.

கருவியின் திரையில் தெரியும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உலோகத்தின் பெயரல்ல. மின்கடத்தும் திறன், அளவு, கனம், மண்ணில் பொருள் படுத்திருந்ததா நிமிர்ந்திருந்ததா என்பதெல்லாம் கலந்து வரும் ஒற்றை எண். சிறிய தங்க மோதிரமும் அலுமினியக் குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையமும் ஒரே எண்ணில் விழுவது சாதாரணம். வட்ட வடிவ இரும்பு வாஷர், லாடம் போன்றவை சில சமயம் வெள்ளிக்குரிய உயர்ந்த எண்ணையே காட்டும். ஆழம் காட்டும் அளவுகோலும் காசு அளவுள்ள பொருளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது; பெரிய பொருள் ஆழத்தில் இருந்தாலும் மேலே இருப்பதாகத்தான் காட்டும். தவிர, ஆழத்தை வைத்துக் காலத்தைக் கணிப்பதே தவறு. உழப்படும் நிலத்தில் நேற்று விழுந்த திருகாணி கீழேயும் இருநூறு ஆண்டுப் பழைய பித்தான் மேலேயும் இருக்கும்.

கையில் எடுத்த பிறகு முதல் சோதனை காந்தம். ஒட்டினால் இரும்பு என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனால் எங்கே ஒட்டுகிறது என்பதைக் கவனிப்பவர் குறைவு. பித்தளைச் சட்டத்தில் நடுக்கம்பியில் மட்டும் காந்தம் பிடித்தால் அங்கே இரும்பு முள் இருந்திருக்கிறது, அது வார்ப்பட்டையின் கொக்கி என்று பாதி விடை கிடைத்துவிடும். செம்பு நிறக் காசு காந்தத்தில் ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகு. பிரிட்டனின் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் காசுகள் 1992 முதல் அப்படித்தான் அடிக்கப்படுகின்றன. மறுபுறம், முழுதும் துருவாகிப்போன பழைய இரும்பு காந்தத்தில் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும். ஒட்டவில்லை என்பதால் இரும்பில்லை என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்ததுதான் முக்கியமானது: அடர்த்தி. இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசும், ஒரு கிண்ணம் தண்ணீரும், மெல்லிய நைலான் நூலும் போதும். பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசின் மேல் வைத்துச் சுழியாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் முழுகும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம், பொருள் விலக்கிய தண்ணீரின் எடை. அதுவே பொருளின் பருமன், கன சென்டிமீட்டரில். உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, வெள்ளீயம் 7.3, இரும்பு 7.9, பித்தளை 8.4 முதல் 8.7, வெண்கலம் 8.7 முதல் 8.9, தூய செம்பு 8.96, தூய வெள்ளி 10.5, ஈயம் 11.3, தூய தங்கம் 19.3. இருபத்திரண்டு காரட் தங்கம் 18க்குச் சற்றுக் குறைவாகவும், பதினெட்டு காரட் 15க்கும் 16க்கும் நடுவிலும் வரும்.

எங்கே தவறு வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 13.6 கிராம் உள்ள ஓர் ஈயத் துண்டு 1.2 கிராம் தண்ணீரை விலக்கும், வகுத்தால் 11.3. தராசு 0.1 கிராம் மட்டுமே பிரித்துக் காட்டும் ரகமாக இருந்து 1.3 என்று காட்டிவிட்டால் விடை 10.5. ஈயம் வெள்ளியாகிவிட்டது! சிறிய பொருளுக்கு மட்டமான தராசு உதவாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டு கிராமுக்குக் குறைவான பொருளில் நல்ல தராசும் தடுமாறும். ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். பொருளில் ஒட்டும் காற்றுக் குமிழி பருமனைக் கூட்டி, அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது. அடியைத் தொட்டாலும் அடர்த்தி குறைந்துதான் தெரியும். உள்ளே வெற்றிடம் இருந்தாலும், தடித்த களிம்பு இருந்தாலும் அப்படியே. செம்பின் பச்சைக் களிம்புக்கு அடர்த்தி செம்பில் பாதிக்கும் குறைவு. ஆக, எண் குறைவாக வந்தால் அதற்குப் பல காரணம் இருக்கலாம். கூடுதலாக வந்தால், பொருள் முழுதாக முழுகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, எண்ணை நம்பலாம். உள்ளே கனமான உலோகம் இருக்கிறது.

ஜெர்மன் சில்வர் எனப்படும் கலவையில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மட்டுமே. கண்ணுக்கு வெள்ளி, தராசுக்கு 8.7 சுற்று. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே தராசு வாங்கலாம். பித்தளையையும் வெண்கலத்தையும் மட்டும் இந்த முறையால் பிரிக்க முடியாது; இரண்டின் எல்லைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. அங்கே ‘செம்புக் கலவை’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை. அருங்காட்சியகங்களும் அப்படித்தான் எழுதுகின்றன.

நிறம் துணைச் சாட்சி. செம்பும் அதன் கலவைகளும் பச்சை. சில மண்ணில் நீலம். மட்டமான வெள்ளியும் பச்சையாக வரும், காரணம் அதில் கலந்த செம்பு வெளியே வந்து படிவது. பச்சையைப் பார்த்தவுடன் செம்பு என்று ஒதுக்கிய வெள்ளிக் காசுகள் நிறைய. நல்ல வெள்ளி கறுத்தோ ஊதா கலந்த சாம்பலாகவோ இருக்கும். ஈயம் வெண்சாம்பல் தோலோடு இருக்கும். காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலக் கோடு விழும், நகம் பட்டால் கீறும். அலுமினியம் வெள்ளைப் பொருக்கோடு, எடுத்தவுடனே லேசாக இருக்கும். தங்கம் எந்த மண்ணிலும் தங்கமாகவே வரும்.

உலோகம் தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ‘இது என்ன?’ அல்ல, ‘இது எப்படிச் செய்யப்பட்டது?’ பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றும், பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சமும் வேண்டும். விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பொருளை மெல்லச் சுழற்றினால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் அரத்தின் கோடும் நிழலாக எழும்பும். ஓரத்தில் ஓடும் மெல்லிய வரம்பு இரு பாதி அச்சில் வார்த்ததைச் சொல்லும். ஊசிக்குத்துப் போன்ற குழிகளும் வார்ப்பின் அடையாளமே. அடித்து எடுத்த காசில் இந்த இரண்டும் இருக்கக் கூடாது. இருந்தால் அது வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம். அரத்தின் கோடுகள் தாறுமாறாக இருந்தால் கைவேலை. ஒரே இடைவெளியில் வட்டமாக ஓடினால் கடைசல்.

ஆணியைப் போலக் காலம் சொல்லும் பொருள் வேறில்லை. ஆனால் எல்லோரும் தூக்கி எறிவதும் அதைத்தான். கொல்லன் கையால் அடித்த ஆணி சதுர உடல் கொண்டது. நான்கு பக்கமும் நுனி நோக்கிக் குறுகும். தலையில் சுத்தியல் விழுந்த சாய்முகங்கள் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த எந்திரங்கள் இரும்புத் தகட்டிலிருந்து ஆணியை வெட்டி எடுத்தன. அதில் எதிரெதிரான இரண்டு பக்கங்கள் மட்டும் குறுகும், மற்ற இரண்டும் இணையாக ஓடும். உருண்டைக் கம்பியாணி பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். திருகாணியிலும் இப்படி ஒரு வரிசை உண்டு: மொட்டை நுனி, கோணலான மரை, நடுவிலிருந்து விலகிய வெட்டு என்றால் கையால் செய்தது, கூர்நுனித் திருகாணியை எந்திரத்தில் செய்தது 1840களுக்குப் பின், நட்சத்திரத் தலை 1930களுக்குப் பின்.

இங்கே ஒரு தர்க்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய முறை பல காலம் தொடரும். கையால் அடித்த ஆணி இன்றும் செய்யப்படுகிறது. அதனால் பழைய அடையாளம் காலத்தை நிரூபிக்காது. புதிய அடையாளம்தான் நிரூபிக்கும். ஒரு பொருளில் ஐந்து தடயம் பழையதாகவும் ஒரு தடயம் புதியதாகவும் இருந்தால், பொருள் அந்தப் புதிய தடயத்துக்கு முந்தியது அல்ல, பின்னால் பழுது பார்க்கப்பட்டிருந்தால் ஒழிய. நட்சத்திரத் தலைத் திருகாணி பூட்டிய ‘பதினெட்டாம் நூற்றாண்டுப் பூட்டு’களை நம்பாதீர்கள்.

காசு என்று எண்ணி மகிழ்ந்து பிறகு ஏமாற்றம் தருபவற்றுள் முதலிடம் மண்ணெண்ணெய் விளக்கின் திரி ஏற்றும் திருகுக்கு. கால் அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை குறுக்களவு, பித்தளை வட்டு, ஓரம் முழுக்கப் பல் வெட்டு, வட்டமாக ஓடும் எழுத்து. பார்த்தால் அயல்நாட்டுக் காசேதான். பின்புறம் நடுவில் கம்பி ஒடிந்த மொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் அரசன் பெயருக்குப் பதில் விளக்குத் தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். பித்தானையும் பின்புறம்தான் காட்டிக்கொடுக்கும். நடுவில் பற்றவைத்த வளையம், அல்லது அது பிய்ந்துபோன சாம்பல் நிறத் தழும்பு. ஒரே தகட்டால் ஆன தட்டைப் பித்தானுக்குப் பிறகு வந்தது, முன் தகட்டின் ஓரத்தைப் பின் தகட்டின் மேல் மடித்துப் பிடித்த இரட்டைத் தகட்டுப் பித்தான்; பர்மிங்ஹாமில் 1813இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. ஒருபக்கம் காசின் உருவமும் மறுபக்கம் பற்றவைத்த தழும்பும் இருந்தால் குழம்ப வேண்டாம்; காசைப் பதக்கமாகவோ பித்தானாகவோ மாற்றி அணிந்திருக்கிறார்கள்.

கொக்கிகளில் சட்டத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். வளைந்திருந்தால் புறங்காலின் வளைவுக்கேற்பச் செய்த காலணிக் கொக்கி. தட்டையாக இருந்தால் இடுப்புவாரோ குதிரைச் சேணமோ. இணைந்த இரண்டு ஈய வட்டுகள், ஒன்றின் முளை மற்றதன் துளையில் நசுங்கியிருக்கிறது என்றால் துணிக்கட்டுக்கோ மூட்டைக்கோ வைத்த முத்திரை. நுரைத்த குழிகள் நிறைந்த, கனமான, காந்தத்தில் பிடிக்கும் கருங்கட்டி விண்கல் அல்ல, உலைக் கசடு. விண்கல்லில் அப்படிக் குமிழிக் குழிகள் இருக்காது. மெருகிடாத பீங்கான் ஓட்டின் பின்பக்கத்தில் உரசினால் பெரும்பாலும் கோடும் விழாது. சிவப்பாகவோ கறுப்பாகவோ கோடு விழுந்தால் அது இரும்புத் தாது.

ஈயக் குண்டுக்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. இலக்கில் மோதி நசுங்கிவிட்டால் குறுக்களவை அளக்க முடியாது, ஆனால் எடை பெரும்பாலும் தங்கிவிடும். எடையைக் கிராமில் எடுத்து 5.94 ஆல் வகுத்து, கிடைத்த எண்ணின் கனமூலத்தைக் கண்டால், குண்டு உருண்டையாக இருந்தபோதைய குறுக்களவு சென்டிமீட்டரில் வரும். 32 கிராம் என்றால் 1.75 சென்டிமீட்டர். அது ‘பிரவுன் பெஸ்’ என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் மஸ்கட் துப்பாக்கிக்குப் போட்ட 0.69 அங்குலக் குண்டு. துப்பாக்கியின் வாய் 0.75 அங்குலம், குண்டு வேகமாக உள்ளே போவதற்காக அந்த இடைவெளியை விட்டார்கள். துண்டு உடைந்துபோயிருந்தால் இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். அடிப்பக்கம் குழிந்து, கூம்பாக, சுற்றிலும் வரிப்பள்ளம் ஓடினால் அது 1849இல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே வடிவமைத்த வகையைச் சேர்ந்தது. பிசிறின்றிக் கச்சிதமாக உருண்டையாகவும் காந்தத்தில் ஒட்டுவதாகவும் இருந்தால் அது பேரிங் குண்டு. போர்க்களம் எதையும் தேட வேண்டாம்.

தோட்டா உறையின் அடிவட்டத்தில் தொழிற்சாலைக் குறி, ஆண்டின் எண்கள், ரகம் ஆகியவை பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். 303 ரகத் தோட்டா பிரிட்டிஷ் படையில் 1888இல் வந்தது. விளிம்பு வெளியே நீண்ட உறை அதன் அடையாளம். நடுவில் உள்ள சிறு வட்டில் குழி விழுந்திருந்தால் சுடப்பட்டது. குழி இல்லாவிட்டாலோ, முனையில் குண்டு இன்னும் செருகியே இருந்தாலோ அதை உயிருள்ள தோட்டாவாகவே கொள்ள வேண்டும். குழி விழுந்தும் வெடிக்காமல் போனவை உண்டு. பீரங்கிக் குண்டு, கைக்குண்டு, இறக்கை வைத்த உருளை போன்ற தோற்றம் தெரிந்தால் அடையாளம் காணும் வேலையே நமக்கு இல்லை. தூரிகை வேண்டாம், தூக்க வேண்டாம், வாளித் தண்ணீரில் போட வேண்டாம். வந்த வழியே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். துருப் பிடிப்பதால் வெடிமருந்து சாவதில்லை. பாதுகாப்புப் பிடி மட்டும்தான் சாகிறது.

தேய்ந்த காசுக்கு எடையும் குறுக்களவும் ஓரமும் மூன்று கண்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835 செப்புக் காசுகளில் அரை அணா 12.96 கிராம், கால் அணா 6.48, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு 2.16, வெள்ளி ரூபாய் 11.66. எழுத்து முழுதும் போன காசு 6.1 கிராம் நின்றால் கால் அணாவின் பக்கம் சாய்வது நியாயம். ஆனால் விக்டோரியா காலத்துக் கால் அணாவும் அதே எடைதான். எடை காசின் மதிப்பைச் சொல்லும், ஆட்சியைச் சொல்லாது. ஆட்சிக்கு எழுத்தின் மிச்சம் வேண்டும்: 1876 வரை ‘ராணி’, 1877 முதல் ‘பேரரசி’. 1797ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பென்னி முழுதாக ஓர் அவுன்ஸ், 28.3 கிராம், அகலமான எழும்பிய விளிம்பில் எழுத்து பள்ளமாக வெட்டியிருக்கும். இதைப் பலர் எடைக்கல் என்று வைத்திருக்கிறார்கள். எடைக்கல்லாகவும் அது பயன்பட்டது என்பதால் அவர்களை முற்றிலும் குறை சொல்வதற்கில்லை.

காசில் ஆண்டு தெரிந்தாலும் எந்த ஆண்டுக் கணக்கு என்று கேளுங்கள். அரபு எண்ணில் 1250 என்று இருந்தால் அது ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு; 0.97 ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் 1834, 1835 என்று வரும். முன்பக்கத்தை நேராகப் பிடித்து, செங்குத்து அச்சில் திருப்பும்போது பின்பக்கம் நேராக நிற்கிறதா தலைகீழாக நிற்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காசாலைக்குக் காசாலை இது மாறும். நாணய அட்டவணைகளில் இதுவும் இருக்கும்.

பாத்திரம், கரண்டி, நகைத் துண்டுகளில் பொறிப்புதான் வாசல். நடக்கும் சிங்கம் பிரிட்டனின் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்தில் 925 பங்கு. நங்கூரம் 1773 முதல் வெள்ளியின் தரம் பார்க்கும் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் குறி. இ.பி.என்.எஸ். (EPNS) என்ற நான்கு எழுத்து வெள்ளி முலாம் மட்டுமே. முத்திரை போலத் தனித்தனிச் சட்டத்தில் அடித்திருப்பது வாங்குபவர் மயங்கத்தான். பிரிட்டிஷ் பொருளில் சாய்சதுரக் குறி, உச்சியில் வட்டத்துக்குள் ரோம எண் இருந்தால் அது வடிவமைப்புப் பதிவு. 1842 முதல் 1883 வரை மட்டும் வழங்கியது. ரோம ஒன்று உலோகப் பொருளைக் குறிக்கும். 1884 முதல் அதற்குப் பதிலாகத் தொடர் எண். செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பின். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கிய ஆண்டு அது.

இவ்வளவும் பார்த்த பிறகு படம் எடுக்கலாம். மில்லிமீட்டர் அளவுகோலைப் பொருளின் அதே மட்டத்தில் வையுங்கள். தாளின் மேல் கிடக்கும் அளவுகோலும் அதற்கு மேலே உயர்ந்து நிற்கும் பொருளின் முகமும் ஒரே அளவில் பதியாது. முன், பின், பக்கவாட்டு, முறிந்த இடம் என நான்கு படமாவது வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், இடது மேல்பக்கத்து வெளிச்சம் நல்லது. வல்லுநரிடம் அனுப்பும்போது எடை, குறுக்களவு, கனம், காந்தம், அடர்த்தி, கூடவே அருகில் வேறென்ன கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். ‘என்ன விலை போகும்?’ என்று மட்டும் கேட்டு வரும் மங்கலான ஒற்றைப் படத்துக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. இடத்தின் துல்லியமான குறியீட்டைக் குறிப்பேட்டில் வையுங்கள், பொதுவெளியில் போட வேண்டாம். புதையலைத் தெரிவிக்கும் கடமை பல நாடுகளில் சட்டத்தில் இருக்கிறது: இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்தில் பதினான்கு நாள் கெடுவோடு 1996ஆம் ஆண்டுச் சட்டம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியோடு நுழைவதே பல நாடுகளில் குற்றம்.

அடையாளம் கண்டபின் கெட்டுப்போகும் பொருள்களும் உண்டு. செம்புக் கலவையில் திட்டுத்திட்டாக வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல. மண்ணின் குளோரைடு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் நீலத்திலிருந்து நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லை உலர்த்திப் போட வேண்டும். இரும்புக்கும் இதே டப்பா பொருந்தும். ஈயத்துக்கு எதிரி ஈரத்தை விட மரம்: மரப் பெட்டியிலிருந்தும் அட்டைப் பெட்டியிலிருந்தும் கசியும் அமில ஆவி, முக்கியமாக ஓக் மரத்தினுடையது, ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். பாலித்தீன் பையில் வைத்தால் போதும். அந்தப் பொடி நஞ்சு. ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ கூடாது, தொட்டால் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்கள்